நட்டு மழுங்கினால் யார் பொறுப்பு?

காரின் வலது முன்சக்கரத்தைக் கழற்றியாகிவிட்டது. இன்ஜினுக்கு அடியில் ஜாக்கி முட்டுக்கொடுத்து நிற்கிறது. பக்கவாட்டில் நாலு விரல் நுழைகிற சந்தில் கையை விட்டு, டைமிங் பெல்ட்டை இறுக்கிப் பிடித்திருக்கும் டென்ஷனரின் நட்டைத் தேடுகிறார் மெக்கானிக். ஸ்பேனர் மாட்டுகிறது. ஓர் இழுப்பு. நட்டு அசையவில்லை, ஸ்பேனர்தான் ‘சடக்’கென்று வழுக்குகிறது. இரண்டாவது இழுப்பில் ஆறு முனைகளும் மழுங்கிவிடுகின்றன. “ரவுண்டாயிடுச்சுண்ணே” என்கிறார் டார்ச் பிடித்திருக்கும் உதவியாளர்.

எந்த ஊர்ப் பட்டறையிலும் நடக்கக்கூடியதுதான் இது. திறமையான கைக்கும் நேரும். ஆனால் அடுத்த அரை மணி நேரத்தில் அந்தப் பட்டறை என்ன செய்கிறது என்பதைப் பொறுத்தே இன்ஜினின் ஆயுள் இருக்கிறது. வண்டிக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் அப்போது அங்கே இருப்பதில்லை. அவருக்குத் தகவலும் போவதில்லை.

டைமிங் பெல்ட் என்பது பல் வெட்டிய ரப்பர் பட்டை. கீழே சுழலும் கிராங்க் ஷாஃப்டையும், மேலே வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டையும் ஒரே கணக்கில் ஓடவைப்பது அதன் வேலை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று. ஒரு பல் பிசகினாலே இன்ஜினின் ஓட்டம் கெடும். சில பற்கள் தாண்டினால், அல்லது பெல்ட் அறுந்தால், பல இன்ஜின்களில் மேலேறி வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வை முட்டி வளைத்துவிடும். பிறகு ஹெட்டைக் கழற்றாமல் தீராது. மாருதி 800, பழைய ஹூண்டாய் சான்ட்ரோ, ரெனோ டஸ்டர் டீசல், டொயோட்டா இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் ஆகியவை பெல்ட் வண்டிகள். பெல்ட்டுக்குப் பதில் செயின் உள்ள வண்டிகளும் நிறைய உண்டு. தன் வண்டியில் இருப்பது எது, எத்தனை கிலோமீட்டரில் அல்லது எத்தனை ஆண்டில் மாற்ற வேண்டும் என்பதை வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ளலாம். கிலோமீட்டர், ஆண்டு இரண்டில் எது முந்துகிறதோ அதுவே கெடு.

மழுங்கிய நட்டில் ஒளிந்திருக்கும் பெரிய ஆபத்து ஒரு குறுக்குவழி. நட்டு கழலாவிட்டால் பழைய டென்ஷனரை அப்படியே விட்டுவிட்டு, புது பெல்ட்டை மட்டும் நெம்பி ஏற்றிவிட முடியும். வண்டி ஸ்டார்ட் ஆகும், நன்றாகவும் ஓடும். மூடியைப் போட்டுவிட்டால் வெளியே எதுவும் தெரியாது. பில்லில் மட்டும் ‘டைமிங் கிட்’ என்று முழுத்தொகை இருக்கும். பழைய டென்ஷனரின் பேரிங் சில ஆயிரம் கிலோமீட்டர் கழித்து இறுகிப்போனால், புது பெல்ட்டும் அதோடு போகும். இன்னொரு வகையும் உண்டு: முனை போன நட்டையே எப்படியோ முறுக்கி வைப்பது. அதில் ஸ்பேனர் பிடிக்காது என்பதால் சரியான இறுக்கமும் வராது. அந்த நட்டு மெல்லத் தளர்ந்தால் பெல்ட் தொய்ந்து பல் தாண்டும்.

நட்டு ஏன் மழுங்குகிறது? துரு ஒரு காரணம். முன்பு யாரோ ஏர் கன்னால் அளவுக்கு மீறி இறுக்கியது இன்னொன்று. ஆனால் நிறைய நேரம் காரணம் கருவிதான். 14 மில்லிமீட்டர் நட்டில் 9/16 அங்குல ஸ்பேனரும் மாட்டும். அதன் வாய் 14.29 மில்லிமீட்டர். சாதாரண நட்டுக்கு அந்த இடைவெளி பெரிதில்லை. துருப்பிடித்து இறுகிய நட்டுக்கு அதுவே முனையைத் தின்னப் போதும். வாய் தேய்ந்த ஸ்பேனர், அட்ஜஸ்டபிள் ஸ்பேனர், பன்னிரண்டு முனை சாக்கெட் எல்லாம் முனையை மட்டுமே பிடிக்கும். ஆறு முனை சாக்கெட்தான் நட்டின் பக்கவாட்டைப் பிடித்துத் திருப்பும். இந்த வேறுபாட்டை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்ல வேண்டும் என்றால், செலவு யார் தலையில் விழ வேண்டும் என்பதும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

முறையாகக் கழற்றும் வழிகள் இருக்கின்றன. முதலில் கிராங்க், கேம் இரண்டின் குறிகளையும் நேராக்கி, அந்த இன்ஜினுக்குரிய பூட்டுப் பின்களைச் செருகிப் பூட்டிக்கொள்ள வேண்டும். துரு இளக்கும் ஸ்ப்ரே அடித்துப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும். எண்ணெய் பட்டால் ரப்பர் கெடும். அதனால் புது பெல்ட் ஏறும் முன் அந்த இடத்தைச் சுத்தமாகத் துடைப்பது கட்டாயம். ஆறு முனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றிப் பார்க்கலாம். பிடிக்காவிட்டால் நட்டின் எதிரெதிர்ப் பக்கங்களை அரத்தால் ராவி, அடுத்த சிறிய அளவு ஸ்பேனரை மாட்டலாம். இதற்கென்றே உள்ளே சுருள் பள்ளம் வெட்டிய எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் கடைகளில் கிடைக்கிறது. திருப்பத் திருப்ப நட்டைக் கடித்துக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் நட் ஸ்ப்ளிட்டரால் நட்டைப் பிளந்து எடுக்கலாம். நட்டு போகும், அது உட்கார்ந்திருந்த ஸ்டட் தப்பிக்கும்.

பழைய நட்டின் மேல் புது நட்டை வெல்டு வைத்துத் திருப்புவது கடைசி வழி. பேட்டரி இணைப்பைக் கழற்றாமல் வெல்டிங் செய்தால் இன்ஜினின் கம்ப்யூட்டரே பழுதாகலாம். அந்தச் சூட்டில் டென்ஷனர் பேரிங்கின் கிரீஸும் பக்கத்து ஆயில் சீலும் கெடும். டீசல் குழாய்க்கு அருகே கேஸ் சுடர் காட்டுவது தீயை வரவேற்பதற்குச் சமம். இந்த வழியில் இறங்கும் முன் வண்டிக்காரரின் சம்மதம் கேட்பதுதான் முறை. கேட்காமல் செய்கிற பட்டறையை மன்னிக்கக் கூடாது.

கழன்ற நட்டைத் திரும்பப் போடக் கூடாது. ஸ்டட்டில் மரை போயிருந்தால் ஸ்டட்டும் புதிதாக வேண்டும். டார்க் ரெஞ்சால் கம்பெனி சொன்ன அளவுக்கு இறுக்கி, பூட்டிய பின்களை எடுத்துவிட்டு, கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, குறிகள் மீண்டும் நேராக வருகின்றனவா என்று பார்த்த பிறகே சாவி போட வேண்டும். வழியில் எங்காவது தடுத்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். வால்வு பிழைக்கும்.

இனி பணம். துருவால் நட்டு இறுகியிருந்தது, சரியான கருவியால் முயன்றும் மழுங்கியது என்றால், கூடுதல் உழைப்புக்குக் கூலி கேட்பதில் நியாயம் உண்டு. ஆனால் தொகையை முன்னதாகச் சொல்லி ஒப்புதல் பெற வேண்டும். தவறான ஸ்பேனரால் மழுங்கியிருந்தால் நட்டு, ஸ்டட், கூடுதல் கூலி எல்லாம் பட்டறையின் பொறுப்பு. ஒப்படைத்த பொருளை, சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 151 சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இப்படிப்பட்ட வேலை ‘சேவைக் குறைபாடு’. செய்த சேவைக்கு பில் தராமல் இருப்பதையும் அதே சட்டம் நியாயமற்ற வணிக நடைமுறைகளில் சேர்த்திருக்கிறது.

தகராறு என்றால் பணம் தராமல் வண்டியை எடுத்துப் போய்விடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 170 இங்கே குறுக்கே நிற்கும். செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ள பட்டறைக்கு உரிமை உண்டு. எனவே, ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று பில்லிலேயே எழுதி, கையெழுத்திட்டு, படம் எடுத்துக்கொண்டு பணத்தைக் கட்டி வண்டியை மீட்பது புத்திசாலித்தனம். இன்சூரன்ஸை நம்பியிருப்பதும் வீண். வழக்கமான மோட்டார் பாலிசி இயந்திரப் பழுதுக்குப் பணம் தராது.

வெளிப் பட்டறையில் பெல்ட் மாற்றினால் வாரன்டி போய்விடும் என்று ஷோரூம்களில் மிரட்டுவதுண்டு. இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில், உதிரிபாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுத்ததற்காக 14 கார் நிறுவனங்களுக்கு 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளியே பழுதுபார்த்ததை மட்டுமே காரணம் காட்டி வாரன்டியை முற்றிலும் மறுக்கக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் இருந்தது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் துறை ‘பழுதுபார்க்கும் உரிமை’ இணையதளத்தைத் தொடங்கியபோது வாகனத் துறையையும் அதில் சேர்த்தது.

வழக்கு நிற்பதும் விழுவதும் கையில் இருக்கும் ஆதாரத்தைப் பொறுத்தது. வண்டியை விடும்போதே “பழைய பெல்ட், டென்ஷனர், நட்டு எல்லாத்தையும் ஒரு பையில போட்டு வெச்சிடுங்க” என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி அனுப்பினால் போதும். அந்தச் செய்தியே பின்னால் சாட்சியாகும். பையில் பழைய டென்ஷனர் இல்லை என்றால் அது மாற்றப்பட்டதா என்று அங்கேயே கேட்கலாம். பில்லில் பாகங்களின் எண்ணும் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும். வண்டி நடுவழியில் நின்றுவிட்டால் மறுபடி சாவி போடாமல், கட்டி இழுத்துச் செல்லச் சொல்ல வேண்டும். மூடியைத் திறக்கும் முன்பும் திறந்த பிறகும் படம் எடுத்து, வேறொரு பொறியாளரிடம் எழுத்தில் அறிக்கை வாங்காமல் இன்ஜினைப் பிரிக்க விடக் கூடாது. பிரித்துவிட்டால் யார் கை செய்த தவறு என்று நிறுவுவது மிகக் கடினம்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலேயே பேசலாம். அங்கே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பட்டறை வேறு ஊரில் இருந்தாலும், வண்டிக்காரர் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயமில்லை. ஒரே வண்டியை வைத்துத் தானே ஓட்டிப் பிழைக்கும் கால் டாக்ஸி ஓட்டுநரை, ‘வணிக நோக்கம்’ என்று சொல்லித் தள்ள முடியாது. சுயதொழிலாகப் பிழைப்புக்குச் செய்பவரையும் சட்டம் நுகர்வோராகவே பார்க்கிறது. நாளொன்றுக்கு 200, 300 கிலோமீட்டர் ஓடும் அவருடைய வண்டிக்கு பெல்ட் மாற்றும் கெடு மற்றவர்களைவிட வெகு சீக்கிரம் வந்துவிடும். புகாருக்கான கெடு எல்லோருக்கும் ஒன்றே: பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டு.