பழைய லேண்ட்ரோவருக்குப் புதிய பிரேக்

உங்கள் தோட்டத்திலோ பக்கத்துக் கம்பத்திலோ ஒரு பழைய லேண்ட்ரோவர் பிக்கப் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா? ஒரு காலத்தில் துரைமார் ஏறி வந்த வண்டி அது. தோட்டங்கள் துண்டாடப்பட்டுக் கைமாறிய பின்னர், அந்த வண்டிகளும் கைமாறின. இன்று வாழைத்தாரும் மாட்டுக்குப் புல்லும் பழைய இரும்பும் ஏற்றுகின்றன. ஊழியர் சேமநிதிப் பணத்தில் இப்படி ஒரு வண்டியை வாங்கிப் பிழைப்பு நடத்துகிறவர்கள் நம்மிடையே உண்டு. இஞ்சினைப் புதுப்பிப்பார்கள், சாயம் அடிப்பார்கள், முன்கண்ணாடிக்கு மேல் முருகன் படம் ஒட்டுவார்கள். பிரேக்கைப் பற்றிக் கேட்டால் மட்டும், "ரெண்டு மிதி மிதிச்சா பிடிச்சிக்கும் சார்" என்று பதில் வரும்.

அந்த இரண்டாவது மிதிக்குள் வண்டி எவ்வளவு தூரம் ஓடிவிடும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் போகும். நம் தமிழ்ப்பள்ளி வகுப்பறைகள் இரண்டைச் சேர்த்து வைத்த நீளம் என்று கொள்ளலாம். இன்னொன்றும் உண்டு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் அடக்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகிவிடும். செம்மண் சாலையில் 30-இல் ஓடிய வண்டியைத் தார்ச்சாலையில் 60-இல் ஓட்டுகிறோம். பிரேக் மட்டும் அதே பழைய பிரேக்.

லேண்ட்ரோவர் முதன்முதலில் 1948-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. அதன் வழிவந்த மூன்றாம் வரிசை வண்டிகள் 1985 வரை உற்பத்தியாயின. இவை அனைத்துக்கும் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். 1983-இல் வந்த ஒன் டென் வண்டியில்தான் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கிடைத்தது. அதற்கு 30 ஆண்டுகளுக்கு முன்பே, 1953-இல், ஜாகுவார் கார் டிஸ்க் பிரேக்குடன் லெ மான்ஸ் பந்தயத்தை வென்றிருந்தது.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு? டிரம் என்பது மூடிய சட்டி போன்றது. உள்ளிருக்கும் இரண்டு ஷூக்கள் விரிந்து சட்டியின் சுவரை அழுத்துகின்றன. நீண்ட இறக்கத்தில் சூடேறினால் சட்டி விரிந்து ஷூவை விட்டு விலகும். மிதி தாழ்ந்து போகும். டிஸ்க்கோ திறந்த வெளியில் சுழலும் தட்டு. காற்றில் விரைவாக ஆறும். தண்ணீர் பட்டாலும் உதறிவிடும். 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியை மூழ்கடித்த வெள்ளத்தை நம் ஜொகூர்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மழைக்காலத்தில் வெள்ளம் ஓடும் பாதையைக் கடந்து வந்ததும் டிரம் பிரேக் வழுக்குவதை உணர்ந்திருப்பீர்கள். மிதியை மெதுவாக அழுத்தியபடியே சிறிது தூரம் ஓட்டி, ஷூவை உலர்த்திக்கொள்ள வேண்டும்.

அதற்காக உடனே டிஸ்க் வாங்க ஓட வேண்டாம். அதற்குரிய முழுச் சாமான்களுக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி செலவாகும். முதலில் இருப்பதைச் சரி பாருங்கள். சக்கரத்துக்குப் பின்புறமுள்ள திருகை ஸ்பேனரால் திருப்பி ஷூவை நெருக்கினாலே, 'இரண்டு மிதி' பல வண்டிகளில் ஒரு மிதியாகிவிடும். டிரம்மைக் கழற்றினால் உள்ளே எண்ணெய்க் கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். எண்ணெய் குடித்த லைனிங்கைத் துடைத்துப் பயனில்லை. சீலோடு சேர்த்து மாற்றத்தான் வேண்டும். தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருக்கும். நுரையீரலைக் கெடுக்கும் பொருள் அது. ஈரத்துணியால் துடையுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பிரேக் எண்ணெயையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 என்ற வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறிய பின் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவி நிறைந்து, மிதி பஞ்சாக இறங்கும். இஞ்சின் எண்ணெயை ஊற்றிச் சமாளிக்கும் கெட்டிக்காரர்கள் சிலர் இருக்கிறார்கள். ரப்பர் வளையங்கள் ஊதிப்போய் எல்லாம் பாழாகும்.

இதற்கு மேல் செலவழிக்க முடிந்தவர்களுக்கு ஒரு நடுவழி உண்டு. 88 அங்குலக் குட்டை லேண்ட்ரோவருக்கு 10 அங்குல டிரம். 109 அங்குல நெட்டை வண்டியின் முன்சக்கரத்துக்கு 11 அங்குல டிரம்; அதன் இரண்டு ஷூக்களும் முன்னோக்கிச் சுழலும்போது தாமே இறுகிப் பிடிக்கும். நெட்டை வண்டியின் முன் பிரேக்கைக் குட்டை வண்டிக்கு மாட்டலாம். ஆனால் பின்னோக்கி உருளும்போது அதே ஷூக்கள் தளர்வாகத்தான் பிடிக்கும். மேட்டில் வண்டி பின்வாங்கினால் கவனம் தேவை.

என்னைக் கேட்டால், டிஸ்க்கை விட முதலில் வாங்க வேண்டியது இரட்டைச் சுற்று மாஸ்டர் சிலிண்டர்தான். பழைய வண்டிகள் பலவற்றில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சுற்று. எங்காவது ஒரு குழாய் துருப்பிடித்து வெடித்தால் நான்கும் போய்விடும். இரட்டைச் சுற்றில் ஒன்று போனாலும் மற்றொன்று மிஞ்சும். டிஸ்க் பூட்டுகிறவர்கள் வேக்குவம் செர்வோவையும் பொருத்தமான மாஸ்டர் சிலிண்டரையும் சேர்த்தே யோசிக்க வேண்டும். டிஸ்க் தானாக இறுகுவதில்லை. காலால் அதிகம் அழுத்த வேண்டியிருக்கும்.

கைப்பிரேக் விஷயம் பலருக்குத் தெரியாது. இந்த லேண்ட்ரோவரில் அது சக்கரங்களைப் பிடிப்பதில்லை. கியர்ப்பெட்டிக்குப் பின்னால் பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டைப் பிடிக்கிறது. ஒரு பின்சக்கரத்தை ஜாக்கி வைத்துத் தூக்கினால், கைப்பிரேக் போட்டிருந்தும் வண்டி உருளக்கூடும். கட்டை வைக்காமல் வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். ஓடும்போதும் அதை இழுக்காதீர்கள்.

மாற்றம் செய்யுமுன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் விசாரித்து அனுமதி பெறுங்கள். வாங்கிய சாமான்களின் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

வேலை முடிந்ததும் சாமானோ ஆளோ ஏற்றாமல், காலியான நேர்ச்சாலையில் மணிக்கு 40 கிலோமீட்டரிலிருந்து மெதுவாக நிறுத்திப் பாருங்கள். ஆறவிட்டு மறுபடியும் செய்யுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா? இறங்கி ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைத் தள்ளி வைத்தே சூட்டைப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அங்கே ஷூ ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவே இல்லை. அதைச் சரிசெய்த பிறகு பாரத்தைச் சிறிது சிறிதாக ஏற்றிப் பாருங்கள்.