நிலைப்படுத்தும் தண்டின் புஷ்

நிலைப்படுத்தும் தண்டின் புஷ் என்பது, காரின் இடது வலது சக்கரங்களைக் குறுக்கே இணைக்கும் எஃகுத் தண்டை வண்டியின் உடலோடு பிடித்து வைக்கும் ரப்பர் துண்டு ஆகும். இத்தண்டு ஸ்டெபிலைசர் பார், ஆன்டி ரோல் பார், ஸ்வே பார் எனப் பல பெயர்களால் குறிக்கப்படுகிறது. பட்டறைகளில் பேலன்ஸ் ராடு என்ற பெயரும் வழங்குகிறது. புஷ் தேய்ந்தாலோ தளர்ந்தாலோ மேடுபள்ளங்களில் "டொக் டொக்" என்ற ஓசை எழும். பல கார்களில் பாதிப்பு இந்த ஓசையோடும், வளைவுகளில் சற்றுக் கூடுதலான சாய்வோடும் நின்றுவிடும். மாருதி 800 போன்ற சில கார்களில் இதே தண்டு சக்கரத்தை முன்பின் நகராமல் பிடிக்கும் வேலையையும் செய்கிறது. எனவே பழுதின் தீவிரம் கார் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

அமைப்பும் செயற்பாடும்

இத்தண்டு ஏறத்தாழ "ப" எழுத்தைப் போல இரு முனைகளும் வளைந்திருக்கும். நடுப்பகுதி இரண்டு புஷ்கள் வழியாக வண்டியின் அடிச்சட்டத்தில் பொருத்தப்பட்டிருக்கும். முனைகள் சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பாகங்களோடு இணைந்திருக்கும். கார் வளைவில் திரும்பும்போது வெளிப்பக்கம் அமுங்கி உட்பக்கம் எழும்பும். அப்போது தண்டு முறுக்கப்பட்டு, அந்த முறுக்கை எதிர்த்துச் சாய்வைக் குறைக்கிறது. இரு சக்கரங்களும் ஒரே அளவில் ஏறி இறங்கினால் தண்டு முறுங்காது. புஷ்ஷுக்குள் சற்றுத் திரும்பும், அவ்வளவே.

திண்மமான தண்டின் முறுக்கு விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்து மாறும். 20 மி.மீ. தண்டுக்குப் பதிலாக அதே நீளமும் வடிவமும் கொண்ட 22 மி.மீ. தண்டைப் பொருத்தினால் விறைப்பு ஏறத்தாழ 46 விழுக்காடு கூடும். புஷ் தளர்ந்திருந்தால், தண்டு முதலில் அந்த இடைவெளியைக் கடந்த பிறகே முறுங்கத் தொடங்கும். உலோகம் பிடிப்பானில் மோதும் ஓசையும் அந்த இடைவெளியால்தான் வருகிறது.

கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் இத்தகைய தண்டுக்கு 1919 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார்.

மாருதி 800 வகை

ஏர்ல் மெக்பெர்சன் 1940களில் உருவாக்கிய ஸ்ட்ரட் சஸ்பென்ஷன் அமைப்பில், நிலைப்படுத்தும் தண்டு இரண்டு வேலைகளைச் செய்தது. சாய்வைக் குறைத்ததுடன், சக்கரத்தின் கீழ்க் கையான லோயர் ஆர்ம் முன்பின் நகராமலும் அது பிடித்தது. இதனால் தனியாக ஓர் இணைப்புத் தண்டு தேவைப்படவில்லை. 1983 டிசம்பரில் விற்பனைக்கு வந்து 2014 ஜனவரியில் உற்பத்தி நிறுத்தப்பட்ட மாருதி 800 காரிலும் இந்த முறையே பின்பற்றப்பட்டது. தண்டின் இரு முனைகளும் லோயர் ஆர்மில் உள்ள துளை வழியாகச் சென்று புஷ், வாஷர், நட்டு ஆகியவற்றால் இறுக்கப்பட்டிருக்கும்.

பிரேக் பிடிக்கும்போது சாலை சக்கரத்தைப் பின்னோக்கித் தள்ளுகிறது. இவ்வகைக் காரில் அந்த விசையைத் தண்டும் அதன் புஷ்களுமே தாங்குகின்றன. ஒரு பக்கப் புஷ் மட்டும் நைந்திருந்தால் அப்பக்கச் சக்கரம் கூடுதலாகப் பின்னே நகரும். வண்டி ஒரு பக்கம் இழுக்கும், ஸ்டியரிங் நிலையாக நிற்காது, டயர் சீரற்றுத் தேயும். பின்னர் வந்த பல கார்களில் லோயர் ஆர்ம் அகன்ற வடிவம் பெற்று, முன்பின் விசையைத் தானே தாங்குகிறது. அவற்றில் தண்டு, லிங்க் எனப்படும் சிறு இணைப்பு மூலம் மட்டுமே சஸ்பென்ஷனோடு சேர்கிறது.

தேய்மானத்தின் காரணங்கள்

ரப்பர் வெப்பத்தாலும் காற்றிலுள்ள ஓசோனாலும் நாளடைவில் இறுகி வெடிக்கும். இயந்திரத்திலிருந்து கசியும் எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பி மென்மையாகிவிடும். புஷ்ஷுக்கும் தண்டுக்கும் இடையே நுழையும் மண் உப்புத்தாள்போல இரண்டையும் அராவும்.

மதுரை மாவட்டத்தின் பேரையூர் வட்டத்தில் உள்ள எழுமலை போன்ற ஊர்களில் இக்காரணங்களோடு சாலைப் பழக்கமும் சேர்கிறது. குறுகிய கிராமச் சாலையில் எதிரே பேருந்து வந்தால், கார் ஒரு பக்கச் சக்கரங்களை மண் ஓரத்தில் இறக்கி வழிவிட வேண்டும். ஒரு பக்கம் தாரிலும் மறுபக்கம் பள்ளத்திலும் ஓடும் அந்த வேளையில் தண்டு நன்றாக முறுக்கப்படுகிறது. அடிப்பாகம் இடிக்காமல் இருக்க வேகத்தடையைக் குறுக்காக ஏறுவதும் இதே விளைவைத் தரும். கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவதால், அதன்மேல் போடப்பட்ட சாலைகள் அலையலையாக மாறுகின்றன. 40 பாகை செல்சியசைத் தொடும் மதுரைக் கோடை ரப்பரின் முதுமையை விரைவுபடுத்துகிறது.

பழுதைக் கண்டறிதல்

முன்பக்க ஓசைக்கு ஷாக் அப்சார்பர், பந்து மூட்டு, லிங்க், ஸ்ட்ரட்டின் மேல் தாங்கி எனப் பல காரணங்கள் உண்டு. சோதிக்காமல் விலை உயர்ந்த ஷாக் அப்சார்பரை மாற்றிய பின்னும் ஓசை தொடர்வதற்கு, சில நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் புஷ் காரணமாக இருக்கலாம். பின்வரும் சோதனைகள் உதவும்.

- ஒரு சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்கும்போது ஓசை வந்து, இரு சக்கரங்களும் நேராக வேகத்தடை ஏறும்போது குறைந்தால் புஷ் அல்லது லிங்க் மீது ஐயம் கொள்ளலாம்.
- வறண்ட நாளில் "கிரீச்" ஒலி வந்து, புஷ்மீது நீர் தெளித்ததும் சிறிது நேரம் அடங்கினால் அது புஷ்ஷைக் குறிக்கும்.
- நின்ற இடத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஓசை வந்தால் ஸ்ட்ரட்டின் மேல் தாங்கியைப் பார்க்க வேண்டும்.
- வண்டியை அணைத்துவிட்டுத் தண்டைக் கையாலோ சிறு கம்பியாலோ அசைத்தால் புஷ்ஷுக்குள் இடைவெளி தெரியக்கூடாது. வெடிப்பு, எண்ணெய்ப் பிசுக்கு, ஒரு பக்கம் பிதுங்கிய ரப்பர் ஆகியவையும் அடையாளங்கள்.

மாற்றும் முறை

1. காரைச் சமதளத்தில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைக்க வேண்டும். ஜாக்கியால் தூக்கிய வண்டியை இரும்புத் தாங்கிகள்மேல் இறக்கிய பிறகே அடியில் செல்ல வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பது உயிருக்கு ஆபத்து.
2. இரு முன்சக்கரங்களும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால் தண்டு முறுங்கி நிற்கும். போல்ட்டைக் கழற்றியதும் அது விசையோடு துள்ளும்.
3. துருப்பிடித்த போல்ட்டுகளில் துருநீக்கும் எண்ணெய் தெளித்து, சிறிது நேரம் ஊறவிட்டுக் கழற்ற வேண்டும்.
4. தண்டின் விட்டத்தை வெர்னியர் அளவியால் அளந்து, புதிய புஷ்ஷின் அளவோடு ஒப்பிட வேண்டும். ஒரே மாதிரிக் காரிலும் தண்டின் பருமன் மாறலாம்.
5. புஷ் உட்காரும் இடத்தில் துருவையும் மண்ணையும் நீக்க வேண்டும். தண்டே பள்ளமாகத் தேய்ந்திருந்தால் புதிய புஷ்ஷும் தளர்வாகவே இருக்கும்.
6. பிளவுள்ள புஷ்ஷை விரித்துத் தண்டில் மாட்டி, பிளவு பழைய புஷ்ஷில் இருந்த திசையிலேயே இருக்குமாறு வைக்க வேண்டும்.
7. போல்ட்டுகளை முதலில் கையால் ஏற்றி, வண்டியின் எடை சக்கரங்கள்மேல் நிற்கும் நிலையில், தயாரிப்பாளரின் கையேட்டில் உள்ள முறுக்கு அளவுக்கு இறுக்க வேண்டும்.

இரு பக்கப் புஷ்களையும் ஒன்றாக மாற்றுவதே முறை. ஒரு பக்கம் புதிதும் மறுபக்கம் பழையதுமாக இருந்தால் வண்டி இரு பக்கமும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

மாருதி 800 வகையில் முனை நட்டைக் கழற்றினால் லோயர் ஆர்ம் முன்பின் நகரும் நிலைக்கு வரும். வாஷர்களின் வரிசையையும் குழிந்த பக்கத்தின் திசையையும் கழற்றும்போதே படம் எடுத்துக்கொள்வது நல்லது. நட்டைப் பூட்டும் ஸ்பிலிட் பின் புதிதாக இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்ப்பது அவசியம்.

ரப்பரும் பாலியூரித்தேனும்

ரப்பர் புஷ்களுக்குக் கிரீசோ எஞ்சின் ஆயிலோ தடவக்கூடாது. ஓசை ஒரு வாரம் அடங்கினாலும் ரப்பர் விரைவில் உப்பிக் கெடும். மாட்டுவதற்குக் கடினமாக இருந்தால் சோப்பு நீர் போதும். பாலியூரித்தேன் புஷ்கள் எண்ணெயைத் தாங்கும், நீண்டநாள் உழைக்கும். ஆனால் அவை விறைப்பானவை. சாலை அதிர்வைக் கூடுதலாக உள்ளே கடத்தும், சிலிக்கோன் கிரீஸ் இல்லாவிட்டால் ஒலி எழுப்பும். கிராமச் சாலைகளில் ஓடும் குடும்பக் காருக்கு ரப்பர் புஷ்ஷே பொருத்தமானது.

மாற்றிய பின் மெதுவாக ஓட்டிப் பார்த்து, சில நூறு கிலோமீட்டர் ஓடியதும் போல்ட்டுகளின் இறுக்கத்தை மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஓசை தொடர்ந்தால் லிங்கையும் பந்து மூட்டையும் அடுத்துச் சோதிக்க வேண்டும்.