நான்காவது மொழி சொல்லும் பாடம்

சுவிஸ் பண நோட்டு ஒன்றை எடுத்துப் பாருங்கள். தேசிய வங்கியின் பெயர் நான்கு மொழிகளில் அச்சிடப்பட்டிருக்கும். டொச், பிரெஞ்சு, இத்தாலி ஆகிய மூன்றையும் நாம் அறிவோம். நான்காவது மொழி றொமான்ஷ். கிறவ்புண்டன் மாநிலத்தின் மலைப் பள்ளத்தாக்குகளில் பேசப்படுவது. 2000ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டில் அதைத் தமது முதன்மை மொழியாகப் பதிந்தவர்கள் 35,095 பேர் மட்டுமே.

புதிதாக வந்து குடியேறிய எமக்கு இந்தச் சின்ன மொழியின் கதை எதற்கு என்று கேட்கலாம். எமது பிள்ளைகளின் தமிழைப் பற்றி யோசிக்க இதைவிட நல்ல பாடம் பக்கத்தில் இல்லை.

சட்டத்தில் அந்த மொழிக்குப் பெரிய குறை இல்லை. 1938 பெப்ரவரி 20இல் நடந்த வாக்கெடுப்பில், வாக்களித்தோரில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் அதைத் தேசிய மொழியாக ஏற்றனர். 1996 முதல் அம்மொழி பேசுவோர் மத்திய அரசுடன் தம் மொழியிலேயே தொடர்பு கொள்ளலாம். 2008இல் நடைமுறைக்கு வந்த மாநிலச் சட்டப்படி, நூற்றுக்கு 40 பேராவது அதைப் பேசும் ஊர்களில் அதுவே ஆட்சிமொழி.

அப்படியிருந்தும் ஏன் சுருங்கியது? காரணம் சட்டப் புத்தகத்துக்கு வெளியே இருக்கிறது. 1464இல் கூர் நகரம் தீப்பற்றி எரிந்தது. திருப்பிக் கட்ட வந்த டொச் பேசும் கைவினைஞர்களோடு நகரத்தின் மொழியும் மாறிற்று. பிறகு ரயில் பாதை வந்தது, உல்லாசப் பயணிகள் வந்தனர். ஹோட்டல் வேலைக்கும் மேற்படிப்புக்கும் டொச் வேண்டியதாயிற்று. இளையோர் சூரிச்சுக்கு இறங்கினர். சோறு எந்த மொழியில் கிடைக்கிறதோ, அந்த மொழி வீட்டுக்குள்ளும் வந்துவிடுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. றொமான்ஷுக்கு ஐந்து எழுத்து வழக்குகள். 1982இல் பேராசிரியர் ஹைன்றிச் ஷ்மிட் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு எழுத்து மொழியை உருவாக்கினார். செலவைக் குறைக்க, புதிய பாடப்புத்தகங்களை அதில் மட்டும் அச்சிட மாநிலப் பாராளுமன்றம் 2003இல் தீர்மானித்தது. பல ஊர்ப் பெற்றோர் எதிர்த்தனர். வீட்டில் பேசாத மொழியைத் தம் பிள்ளைகள் ஏன் படிக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2011இல் ஊர் வழக்குகளிலும் புத்தகம் அச்சிட அனுமதி திரும்பக் கிடைத்தது. மேலிருந்து போடும் திட்டம் எவ்வளவு நல்லதானாலும், பேசுகிறவனின் மனம் ஒப்பாவிட்டால் நில்லாது.

எமக்கு இங்கே ஊரும் இல்லை, தனிச் சட்டமும் இல்லை. பல மாநிலங்களில் தாய்மொழி வகுப்புப் புள்ளியைப் பாடசாலை அறிக்கையில் பதிய இடமுண்டு. அதைக் கேட்டுப் பெறவேண்டும். மிச்சமெல்லாம் வீட்டில்தான். தொழிற்சாலையில் மாறி மாறி 'சிவ்ற்' வேலை செய்யும் எமக்குப் பிள்ளையோடு பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம். அதையும் அரைகுறை டொச்சில் கழித்தால் இரண்டு மொழியும் நட்டம்.

டொச்சைப் பாடசாலை படிப்பிக்கும். தமிழை நாம் பேசுவோம், ஊரில் பேசினபடியே. பிள்ளை பிழையாகச் சொன்னால், விருந்தாளிகள் முன்னால் சிரிக்காமல் இருப்போம். சிரித்தால் அடுத்த முறை டொச்சில்தான் பதில் வரும்.