எலும்பைத் துறந்த மீன்கள்

சதுரங்கப்பட்டினம், புதுப்பட்டினம் போன்ற கல்பாக்கம் வட்டாரத்துக் கடற்கரை ஊர்களில் ஃபைபர் படகுகள் கரையேறும் காலை நேரத்தில் கவனித்தால், வந்து குவியும் மீன்களை இரு பெரும் பிரிவுகளாகப் பிரித்துவிடலாம். வஞ்சிரம், சங்கரா, மத்தி போன்றவை முள் உள்ளவை. பால் சுறா, கொம்பன் சுறா, திருக்கை, உழுவை ஆகியவை முள் இல்லாதவை. இந்தப் பாகுபாட்டை விலங்கியலார் கண்டுபிடிப்பதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே நம் வீட்டுப் பெண்கள் அறிந்திருந்தனர். பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறாப்புட்டு செய்து கொடுக்கும் வழக்கத்தை எண்ணிப் பாருங்கள். வேகவைத்துத் தோலை உரித்துவிட்டால் சதை முழுவதும் உதிரியாக வந்துவிடும். நடுவில் எஞ்சுவது எலும்பன்று. நம் காது மடலிலும் மூக்கு நுனியிலும் உள்ளதைப் போன்ற குருத்தெலும்பு.

ஆகவே சுறா, திருக்கை முதலியவற்றைக் குருத்தெலும்பு மீன்கள் என்று தனி வகுப்பாக வைத்திருக்கிறார்கள். பள்ளிப் பாடநூலில் இவ்வகுப்பு எங்கே வருகிறது? முதலில் தாடையற்ற மீன்கள், அடுத்துக் குருத்தெலும்பு மீன்கள், அதன்பின் எலும்பு மீன்கள், பிறகு தவளை, பல்லி, பறவை, பாலூட்டி. இவ்வரிசையைப் படிக்கும் மாணவர் இதை ஒரு மாடிப்படியாக எண்ணிவிடுகிறார். குருத்தெலும்பு பழையது, எலும்பு புதியது. சுறா பின்தங்கிய மீன், கெண்டை முன்னேறிய மீன்! பல தலைமுறையாக இப்படித்தான் கற்பித்தும் வந்தோம். பாறைகளில் கிடைத்த சான்றுகள் இந்தப் படிக்கட்டைத் தகர்த்துவிட்டன. அது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள்.

சுறாவின் தொல்லுயிர் எச்சங்களைக் கல்பாக்கத்திலேயே தேடினால் கிடைக்குமா? கிடைக்காது. மாமல்லபுரம் முதல் பல்லாவரம் வரை இவ்வட்டாரத்தின் அடிப்பாறையில் பெரும்பகுதி சார்னக்கைட்டு என்னும் கருநீலப் பாறை. (கல்கத்தா நகரத்தோடு தொடர்புடைய ஜாப் சார்னக் என்பவரின் கல்லறைக்கல் இவ்வகைப் பாறையால் ஆனது, அதனால் வந்த பெயர்.) பூமியின் ஆழத்தில் பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவான இப்பாறையின் வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். அன்று மீனும் இல்லை, புழுவும் இல்லை. சற்று மேற்கே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வண்டல் படிந்து உண்டான பாறைகள் உள்ளன. அவை முக்கியமாகப் பழங்காலத் தாவரங்களின் இலை அச்சுகளுக்குப் பெயர் பெற்றவை. சுறாவைத் தேடுபவர் கிழக்குக் கடற்கரைச் சாலையிலே தெற்கு நோக்கிப் புதுச்சேரிக்குப் போக வேண்டும். நூறு கிலோ மீட்டருக்குள்தான் இருக்கிறது.

புதுச்சேரியின் மேற்குப் பக்கத்திலும் விருத்தாசலம், திருச்சிராப்பள்ளி வட்டாரங்களிலும் கிரெட்டேஷஸ் காலத்துக் கடற்படிவுகள் உள்ளன. டைனோசார்கள் நிலத்தில் உலவிய காலத்தின் கடைசிக் கட்டம் அது. சென்னை அரசுப் பணியில் இருந்த கே, கன்லிஃப் என்னும் இரு ஆங்கிலேயர் 1840-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இங்கே சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் திரட்டி லண்டனுக்கு அனுப்பினர். அவற்றிடையே சில பற்களும் இருந்தன. மீன் பாசில்களில் வல்லவரான சர் பிலிப் எகர்ட்டன் அப்பற்களை ஆராய்ந்து 1845-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தமிழகக் கரையின் பண்டைய சுறாக்கள் அறிவியல் ஏட்டில் இடம்பெற்றது அப்போதுதான்.

ஏன் பற்கள் மட்டும்? குருத்தெலும்பு மிக விரைவில் அழுகிவிடும் பொருள். இறந்த சுறாவின் உடல் கடலடியில் சிதைந்து மறைந்துபோகும். பல்லோ கால்சியம் பாஸ்பேட்டால் ஆன உறுதியான பொருள். அதன் மேற்பூச்சில் இயற்கையாகவே ஃபுளூரைடு கலந்திருக்கிறது. பற்பசை விளம்பரங்கள் நமக்கு இன்று சொல்லும் பாதுகாப்பைச் சுறா கோடிக்கணக்கான ஆண்டுகளாகவே பெற்றுள்ளது. மேலும் நமக்குப் பாற்பல் 20, நிலைப்பல் 32 என இரண்டே தவணை. சுறாவுக்கு அப்படியில்லை. தாடையின் உட்புறத்தில் புதிய பற்கள் வரிசை வரிசையாக முளைத்து, தேயும் பற்கள் உதிர உதிர முன்னோக்கி நகர்ந்து வருகின்றன. ஒரே சுறா தன் வாழ்நாளில் பல்லாயிரம் பற்களை உதிர்த்துவிடும். எனவே கடலடியில் சுறாப்பல் சேர்ந்துகொண்டே இருப்பதில் வியப்பில்லை.

பல்லுக்கு அடுத்தபடி கிடைப்பவை செதில்கள். சுறாவின் தோலைத் தலையிலிருந்து வால் பக்கம் தடவினால் வழுவழுப்பாக இருக்கும். எதிர்த் திசையில் தடவினால் உப்புத்தாள் போல் கையைக் கீறும். அங்குள்ள ஒவ்வொரு சிறு முனையும் அமைப்பில் ஒரு பல்தான். உள்ளே கூழ், அதைச் சுற்றித் தந்தினி, மேலே கடினமான பூச்சு. பூதக்கண்ணாடி கிடைத்தால் மீன் சந்தையிலிருந்து ஒரு துண்டுத் தோல் வாங்கி வந்து பார்க்கலாம், செலவில்லாத ஆய்வு.

தமிழகத்துச் சுறாப் பாசில்களுள் மிகச் சிறப்பானவை பெரம்பலூர் மாவட்டத்துக் காரை என்னும் ஊரின் பக்கத்தில் உள்ளன. மழைநீர் அரித்து அரித்து உண்டாக்கிய ஓடைப் பள்ளங்கள், புல் பூண்டற்ற களிமண் மேடுகள். பார்ப்பவருக்கு வேறொரு கிரகம் போல் தோன்றும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இது கடல். இப்படிவுகளிலிருந்து கிடைத்த, மீன் வடிவக் கடல் ஊர்வனவாகிய இக்தியோசாரின் எச்சத்தை லைடெக்கர் 1879-இல் விவரித்தார். சுறாக்களின் முறை வருவதற்கு இன்னும் நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. சார்லி அண்டர்வுட், அஞ்சலி கோஸ்வாமி, ஜி. வி. ஆர். பிரசாத் முதலியோர் காரைப் படிவுகளின் பற்களை ஆராய்ந்து 2011-இல் வெளியிட்ட கட்டுரையில் அறிவியலுக்குப் புதிய இனங்களும் இருந்தன. அவற்றுள் ஒன்றுக்கு 'டுவார்டியஸ் சுட்இண்டிகஸ்' என்று பெயர். இரண்டாம் சொல்லில் தென்னிந்தியா ஒளிந்திருப்பது தெரிகிறதல்லவா?

அடுத்த ஆண்டே அங்கிருந்து டைக்கோடஸ் என்னும் விந்தையான சுறாவின் பற்களும் விவரிக்கப்பட்டன. சுறாப்பல் என்றதும் நம் மனத்தில் தோன்றும் கத்தி வடிவம் இதற்கில்லை. தட்டையான, தடித்த பல். மேற்பரப்பில் வரிவரியாக மேடுகள். புதிதாகக் கொத்திய அம்மிக்கல்லைப் பார்த்தவர்களுக்கு இதன் வேலையை விளக்க வேண்டியதில்லை. ஓட்டுடலிகளை நொறுக்கித் தின்பதற்கென அமைந்த கருவி இது. இதை வைத்துக்கொண்டு, இந்த மீன் கடலடியில் மெதுவாக ஊர்ந்து சிப்பி பொறுக்கித் தின்றது என்று நூறாண்டுக்கு மேல் எழுதிவந்தார்கள். மெக்சிகோவில் வய்யசியோ என்னுமிடத்துச் சுண்ணாம்புப் பாறையில் முழு உடலின் அச்சே கிடைத்து, 2024-இல் அதன் விவரம் வெளியாயிற்று. பார்த்தால், திறந்த கடலில் விரைந்து நீந்தும் உடற்கட்டு! இன்றைய பெரிய வெள்ளைச் சுறா அடங்கிய வரிசையைச் சேர்ந்தது அது என்றும் தெரிந்தது. பல் உணவைச் சொல்லும். உடலை முழுவதும் சொல்லாது.

காரைக்கும் முந்திய சுறாக்கள் இந்தியாவில் உண்டு. ராஜஸ்தானத்து ஜெய்சல்மேரில் ஜுராசிக் காலத்து ஹைபோடான்ட் சுறா ஒன்றின் பற்களைக் கண்டு, 2021-இல் அந்த ஊரின் பெயரையே இட்டார்கள். தெலங்கானாவின் மலேரி படிவுகளிலோ சுமார் 22 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட நன்னீர்ச் சுறாக்களின் பற்கள் உள்ளன. இந்தியப் புள்ளியியல் கழகத்தின் எஸ். எல். ஜெயின் 1980-இல் இவற்றைப் பற்றி எழுதினார். ஜினகாந்த் என்னும் இக்கூட்டத்தின் பல் இரட்டைக் கூர் உடையது. கோதாவரிப் பள்ளத்தாக்கின் பண்டைய ஆறு குளங்களில் சுறாக்கள் வாழ்ந்தன என்பதை இன்று அங்கே தூண்டில் போடுபவர் நம்புவது கடினம்தான்.

இன்னும் பின்னோக்கிப் போனால் இந்தியாவை விட்டு வெளியேற வேண்டும். அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்துக் கறுப்புக் களிப்பாறையில் கிளாடோசெலக்கி என்னும் மீன் தோலும் தசையும் பதிந்த நிலையில் கிடைத்துள்ளது. அது இறந்து மூழ்கிய கடலடிச் சேற்றில் உயிர்வளி மிகக் குறைவு. ஆகவே அழுகல் முற்றுப்பெறவில்லை. வயது ஏறத்தாழ 36 கோடி ஆண்டுகள். உருவத்தில் இன்றைய சுறாவை ஒத்திருந்தாலும் வாய் மூக்கின் அடியில் இல்லாமல் தலையின் முன்முனையில் இருக்கிறது. பழைய நூல்கள் இதனை எல்லாச் சுறாக்களின் மூதாதையாக வரைந்தன. இன்றோ, ஆழ்கடலில் வாழும் கைமீரா மீன்களின் கிளைக்கே இது நெருங்கியது எனப் பலர் கருதுகின்றனர்.

அக்கிளையின் பக்கம் நின்ற இன்னொரு பிராணியைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1899-இல் ருஷ்ய அறிஞர் கார்ப்பின்ஸ்கி ஒரு பாசிலை விவரித்தார். முறுக்குப் பிழிந்தாற்போல் சுருண்ட சுருளில் நூற்றுக்கும் மேற்பட்ட பற்கள்! ஹெலிகோப்ரியான் என்பது அதன் பெயர். உடல் கிடைக்காததால் இந்தச் சுருளை எங்கே பொருத்துவது என்று தெரியவில்லை. மூக்கின் மேல் ஒருவர் வைத்தார், முதுகில் ஒருவர், வாலில் இன்னொருவர். அமெரிக்காவின் ஐடஹோவில் கிடைத்த ஒரு மாதிரியை எக்ஸ் கதிர் அடுக்குப் படம் எடுத்து 2013-இல் விடை கண்டார்கள். சுருள் முழுவதும் கீழ்த்தாடையின் நடுவில் இருந்தது. மற்ற சுறாக்கள் உதிர்த்துவிடும் பழைய பற்களை இது உதிர்க்காமல் உள்ளே சுருட்டி வைத்துக்கொண்டது, அவ்வளவே.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். குருத்தெலும்பு மீன்கள் எங்கிருந்து வந்தன? கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பகுதியில் 1997-இல் கிடைத்த டோலியோடஸ் என்னும் சுமார் 40 கோடி ஆண்டு வயதுடைய மீனுக்கு, தலையும் பல்லும் சுறாவினுடையவை. ஆனால் மார்புத் துடுப்புகளின் முன்னே வலிய முட்கள் நிற்கின்றன. அத்தகைய முட்கள் அக்காந்தோடியன்கள் என்ற பழைய கூட்டத்துக்கு உரியவை. இக்கூட்டத்தை எங்கே வைப்பது என்று விலங்கியலார் நெடுங்காலம் தடுமாறினர். இவை சுறாவின் அடிமரத்தைச் சேர்ந்தவை என்பது இப்போது பெரும்பாலும் ஏற்கப்பட்ட முடிவு. 2022-இல் சீனாவிலிருந்து வந்த செய்திகள் காலத்தை மேலும் பின்னே தள்ளின. குயிஜோ மாநிலத்தில் 43.9 கோடி ஆண்டு வயதுடைய பற்சுருள்களும், முட்களும் செதில்களும் கிடைத்தன. மரங்களே தோன்றாத காலம் அது!

அப்படியானால் எலும்பின் கதை என்ன? நம் உடலை எடுத்துக்கொள்வோம். தாயின் வயிற்றில் இருக்கும்போது நம் தொடை எலும்பு முதலில் குருத்தெலும்பாகவே உருவாகிறது. பிறகு இரத்தக் குழாய்கள் உள்ளே புகுந்து, குருத்தெலும்பு சிறிது சிறிதாகக் கரைந்து, அதன் இடத்தில் எலும்பு அமைகிறது. சுறா இவ்வழியின் முதற்படியிலேயே நின்றுவிடுகிறது. குருத்தெலும்பின் மேற்புறத்தில் மட்டும் சிறுசிறு சுண்ணாம்பு ஓடுகள், தரையில் பதித்த கற்களைப் போல, பதிந்து வலுவூட்டுகின்றன. இங்கே இரண்டு விளக்கங்களுக்கு இடமுண்டு. சுறாவின் முன்னோர் எலும்பையே அறியாதவர்களாக இருந்திருக்கலாம். அல்லது எலும்பு பெற்றிருந்து பின்னர் கைவிட்டிருக்கலாம். இரண்டாவதே சரியாக இருக்கும் என்று அமெரிக்கப் பேராசிரியர் ரோமர் 1942-லேயே வாதிட்டார். சுறாவுக்கு முந்திய தாடையற்ற மீன்கள் பல வெளியே எலும்புக் கவசம் அணிந்திருந்தன என்பது அவருடைய வாதத்துக்கு வலுவளித்தது. ஆயினும் கவசம் வேறு, உள்ளெலும்பு வேறு என்று மறுப்பவர்களும் இருந்தனர்.

மங்கோலியாவில் கிடைத்த ஒரு மண்டையோடு அந்த மறுப்பைப் பெரிதும் தளர்த்தியது. மிஞ்ஜினியா என்று பெயரிடப்பட்ட இம்மீனைப் பற்றி 2020-இல் கட்டுரை வந்தது. 41 கோடி ஆண்டு வயதுடைய இது பிளாக்கோடெர்ம் என்னும் கவச மீன் கூட்டத்தைச் சேர்ந்தது. சுறாவும் எலும்பு மீனும் கிளை பிரிவதற்கு முந்திய அடிமரத்தில் நிற்பது. அதன் மண்டையை ஊடுருவிப் பார்த்தபோது, குருத்தெலும்பை அகற்றி அமையும் அதே உள்ளெலும்பு, தேன்கூடு போன்ற துளைகளோடு தென்பட்டது. ஆகவே எலும்பைத் தோற்றுவிக்கும் வழி பொது முன்னோரிடமே இருந்திருக்கக்கூடும். சுறாவின் மரபு அதைத் துறந்துவிட்டது. குருத்தெலும்பு ஆதிநிலையின் எச்சமன்று. ஒரு மாற்றத்தின் விளைவு. பாடநூலின் மாடிப்படிக்குப் பதிலாகக் கவட்டை போல் பிரியும் ஒரு கிளையை வரைந்துகொள்வதே பொருத்தம். கெண்டையும் சுறாவும் ஒரே வயதுடைய பங்காளிகள்.

துறந்ததால் கிடைத்த ஆதாயம் யாது? குருத்தெலும்பு எலும்பைவிட எடை குறைந்தது. எலும்பு மீன்களுக்கு உள்ள காற்றுப்பை சுறாவுக்கு இல்லை. நீந்துவதை நிறுத்தினால் மூழ்கும் நிலை. எடையைக் குறைக்கும் எதுவும் அதற்கு உதவியே. எண்ணெய் நிறைந்த பெரிய ஈரலும் இதே வேலையைச் செய்கிறது. அந்த எண்ணெயைத்தான் மரப்படகுகளுக்குப் பூசி வந்தனர் நம் மீனவர்.

டெவோனியன் முடிவில் ஒன்று, 25 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒன்று, டைனோசார்களை முடித்த 6.6 கோடி ஆண்டுக்கு முந்திய பேரழிவு என எல்லாவற்றையும் இம்மரபு கடந்து வந்தது. இன்று சுறா, திருக்கை, கைமீரா இனங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அழியும் ஆபத்தில் உள்ளன என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் மதிப்பீடு 2021-இல் கூறியது. காரணம் எளிது. மத்தி ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பல சுறாக்கள் இனப்பெருக்க வயதை எட்டவே பல ஆண்டுகள் ஆகும். எட்டிய பின்னும் ஈனுவது சில குட்டிகளே.

நம் கரையில் இதற்கு ஆளானவற்றுள் முதலில் சொல்ல வேண்டியது வேளா மீன். சுறாவைப் போல் நீண்ட உடல் இருந்தாலும் செவுள் பிளவுகள் அடிப்புறத்தில் இருப்பதால் திருக்கையின் இனம். மூக்கு, இருபுறமும் பல் வைத்த வாள். நெய்தல் நிலத்துப் பரதவர் சுறாவின் கோட்டை நட்டு வழிபட்டதைப் பட்டினப்பாலை கூறுகிறது. அக்கோடு வேளாவின் வாளாகவே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. நைலான் வலை வந்தபின் அந்த வாளே அதற்குப் பகையாயிற்று. ஒருமுறை கண்ணியில் மாட்டினால் மீள வழியில்லை. 2001-இல் வேளாவும் வேறு சில சுறா, திருக்கை இனங்களும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. பிடிப்பதும் விற்பதும் குற்றம். சட்டம் வந்த காலத்திலேயே கரைக்கு வரும் வேளா அருகிவிட்டது. இன்று எங்கேனும் ஒன்று வலையில் அகப்பட்டால், அது செய்தித்தாளில் படத்துடன் வரும் செய்தி.