படுத்தால் பணம் உண்டு, எழுந்து நடந்தால் இல்லை!

உங்கள் மெடிக்கல் பாலிசியை எடுத்து, எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பகுதியைப் புரட்டுங்கள். 05 என்று எண்ணிட்ட விலக்கு ஒன்று கண்ணில் படும். எந்தக் கம்பெனி பாலிசியிலும் வாசகம் அநேகமாக ஒன்றாகவே இருக்கும். 2019-ல் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமே எழுதிக் கொடுத்த வாசகம் அது. ஓய்வுக்காகச் சேர்வது, மறுவாழ்வு, தற்காலிகப் பராமரிப்பு எல்லாவற்றையும் ஒரே தலைப்பில் கட்டி வெளியே வைத்துவிட்டார்கள். குளிக்க, உடுத்த, நடமாட உதவிக்கு ஆள் வைத்தால் அந்தச் செலவும் சேராது.

வேடிக்கை என்னவென்றால், மனநோய்க்கான சிகிச்சையை இனி விலக்கி வைக்கக் கூடாது என்று சொன்னதும் அதே 2019 விதிமுறைகள்தான். உடல் நோய்க்கு என்ன காப்பீடோ அதுவே மனநோய்க்கும் என்று 2017 மனநலச் சட்டத்தின் 21-வது பிரிவு சொன்னபோது கொண்டாடினோம். மறுவாழ்வு விஷயத்தில் மட்டும், ஒரு கையால் கொடுத்ததை மறு கையால் வாங்கிக்கொண்டார்கள்.

இதன் விலை என்ன என்பதை மதுரையில் ஒரு மறுவாழ்வு மையத்தில் பார்க்க முடிந்தது. உள்ளே சின்னதாக ஒரு டீக்கடை. கல்லாவில் முப்பது வயதைத் தாண்டிய இளைஞர், டிப்ளமோ படித்தவர், பத்தாண்டுகளாக மனச்சிதைவு நோய்க்கு மருந்து எடுப்பவர். பயிற்சியாளர் ஐம்பது ரூபாய்த் தாளை நீட்டி இரண்டு டீ கேட்கிறார். இளைஞர் சில்லறையை எண்ணுகிறார், மறுபடி எண்ணுகிறார், தரையைப் பார்த்தபடியே நீட்டுகிறார். “தம்பி, முகத்தைப் பார்த்துக் குடுங்க” என்கிறார் பயிற்சியாளர். ஒரு நொடி நிமிர்ந்து பார்த்துக் கொடுக்கிறார். அன்றைய பாடம் அவ்வளவுதான்.

அவருடைய அப்பா, கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். “வார்டுல இருந்தப்ப ரூம் வாடகை, ஊசி, மாத்திரை எல்லாத்துக்கும் கிளெய்ம் வந்துச்சு சார். பய அங்க சுவரைப் பார்த்துப் படுத்தே கெடந்தான். இங்க வந்த பிறகுதான் தானா குளிக்கிறான், சட்டை மாத்துறான். இதுக்கு ஒரு பைசா கிடையாதாம். கேட்டா, ‘மறுபடி முடியாமப் போனா அட்மிட் பண்ணுங்க, அப்பப் பார்த்துக்கலாம்’னு சொல்றாங்க.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் பயமுறுத்துகிறது. நோய் திரும்பும் வரை காத்திருங்கள், திரும்பினால் பணம் தருகிறோம் என்பதல்லவா அதன் பொருள்? காதில் கேட்கும் குரல்களையும் சந்தேகத்தையும் மருந்து பெரும்பாலும் அடக்கிவிடும். படுக்கையை விட்டு எழாத மந்தம், பேச்சற்ற தன்மை, எதிலும் மனம் நிற்காமை ஆகியவற்றுக்கு மருந்து மட்டும் போதாது. பழக்கம், வேலை, நாலு பேர் துணை வேண்டும். அது இல்லாத வீட்டில் மாத்திரை நிற்கும், நோய் திரும்பும், மீண்டும் வார்டு. அதற்கு மட்டும் கேஷ்லெஸ் வசதி தயார்.

காப்பீட்டின் கணக்கு முழுக்கக் கட்டிலைச் சுற்றியே ஓடுகிறது. 24 மணி நேரம் உள்நோயாளியாக இருந்தால்தான் கிளெய்ம். கண்புரை போன்ற சில சிகிச்சைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. காலையில் வந்து மாலையில் வீடு திரும்பி, மாதக்கணக்கில் தேறுகிறவருக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. விளைவு, “இன்னும் நாலு நாள் உள்ளேயே இருக்கட்டும் டாக்டர்” என்று குடும்பம் கெஞ்சுகிறது. அதுவும் முடியாதவர்கள், குறைந்த காசுக்கு யார் பொறுப்பேற்றாலும் போதும் என்று கொண்டுபோய் விடுகிறார்கள். ஏர்வாடியில் மனநோயாளிகள் காப்பகம் ஒன்று 2001 ஆகஸ்ட் 6-ல் தீப்பிடித்தபோது சங்கிலியோடு கருகிய 28 பேரில் பலரும் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள்தான்.

இத்தனைக்கும் மனநலப் பராமரிப்பு என்பதற்கு அதே 2017 மனநலச் சட்டம் தரும் விளக்கத்திலேயே மறுவாழ்வு அடக்கம். இடைநிலை இல்லம், ஆதரவுடன் கூடிய தங்குமிடம், சமூக அளவிலான மறுவாழ்வு என்று 18-வது பிரிவு பட்டியலே போடுகிறது. காப்பீட்டைப் பற்றிப் பேசும் பிரிவு மட்டும் ‘சிகிச்சை’யோடு நின்றுவிட்டது. அந்த இடைவெளியில் 05-ம் எண் உட்கார்ந்துகொண்டது.

மறுவாழ்வுக்கு முடிவுத் தேதி கிடையாது, பிரீமியம் கணக்கிட முடியாது, போலி மையங்கள் பில் எழுதித் தள்ளும் என்பது காப்பீட்டுத் துறையின் வாதம். இருக்கட்டும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்கு மத்திய அரசே நடத்தும் ‘நிராமயா’ திட்டத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. புறநோயாளிச் செலவும் தொடர் தெரபியும் அதில் சேர்த்தி. அங்கே உச்சவரம்பு போட்டுச் சமாளிக்க முடிகிறதென்றால், அந்தத் திட்டத்துக்கு வெளியே நிற்கும் மனச்சிதைவு நோயாளிக்கு ஏன் முடியாது? பதிவு பெற்ற மையம், ஆண்டுக்கு இவ்வளவு என்ற வரம்பு, டாக்டரின் முன்னேற்ற அறிக்கை: இந்த மூன்றும் இருந்தால் போலி பில்லுக்கு எங்கே வழி?

அதுவரை செய்யக்கூடியது ஒன்று உண்டு. பாலிசியைப் புதுப்பிக்கும்போது, மனநல மறுவாழ்வுக்குப் பணம் உண்டா என்று எழுத்தில் கேளுங்கள். கிளெய்மை மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் வாங்குங்கள். கம்பெனியிடம் முறையிட்டும் 30 நாளில் தீரவில்லையென்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. விலக்கைக் காட்டி அவரும் கையை விரிக்கலாம். ஆனாலும், வாயால் சொன்ன ‘இல்லை’ கவுன்டரோடு போய்விடும். எழுத்தில் வந்த ‘இல்லை’ கோப்பில் ஏறும். கோப்புகள் குவியாமல் இந்த நாட்டில் எந்த விதி மாறியிருக்கிறது?