பயணச் செவிலியர்களின் குறுகியகால வாடகை வீடும் செல்லப்பிராணிகளும்

பயணச் செவிலியர் என்பவர் ஒரே மருத்துவமனையில் நிலையாகப் பணியாற்றாமல், ஆள் பற்றாக்குறை உள்ள மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் சென்று பணிபுரியும் பதிவு பெற்ற செவிலியர் ஆவார். ஐக்கிய அமெரிக்காவில் இம்முறை பரவலாக உள்ளது. அங்கு ஓர் ஒப்பந்தம் பெரும்பாலும் 13 வாரங்களுக்கு இருக்கும். அது முடிந்ததும் செவிலியர் அதே இடத்தில் நீட்டிப்புப் பெறலாம் அல்லது வேறு மாநிலத்துக்குச் செல்லலாம். இதனால் ஓராண்டில் மூன்று, நான்கு முறைகூட வீடு மாற வேண்டியிருக்கும். ஓராண்டுக் குத்தகையே வழக்கமாக உள்ள வாடகைச் சந்தையில் மூன்று மாதங்களுக்கு மட்டும் வீடு கிடைப்பது கடினம். உடன் நாயோ பூனையோ இருந்தால் கிடைக்கும் வீடுகளின் எண்ணிக்கை மேலும் குறைந்துவிடும்.

பின்னணி

பயணச் செவிலியர்களை மருத்துவமனைகளுடன் இணைப்பவை பணியாளர் முகமை நிறுவனங்கள். செவிலியர் உரிமத்தை ஒவ்வொரு மாநிலமும் தனித்தனியே வழங்குகிறது. எனினும் செவிலியர் உரிம உடன்படிக்கையில் சேர்ந்துள்ள மாநிலங்களில் ஒரே பன்மாநில உரிமத்துடன் பணியாற்றலாம். இதன் திருத்தப்பட்ட வடிவம் 2018 சனவரி 19 அன்று நடைமுறைக்கு வந்தது. கலிபோர்னியா இதில் சேராததால் அங்கு பணியாற்றத் தனி உரிமம் தேவை.

மருத்துவமனைப் பணி பெரும்பாலும் வாரத்துக்கு மூன்று நாட்கள், நாளுக்கு 12 மணி நேரம் என 36 மணி நேரமாக அமைகிறது. வீட்டின் இடம், பிராணியின் பராமரிப்பு ஆகிய இரண்டையும் தீர்மானிப்பதில் இந்தப் பணிமுறைக்குப் பெரும் பங்கு உண்டு.

வீட்டுவசதி பெறும் வழிகள்

முகமை நிறுவனமே வீடு ஏற்பாடு செய்து தருவது ஒரு முறை. இதில் குத்தகை நிறுவனத்தின் பெயரில் இருக்கும். செல்லப்பிராணி இருப்பதை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன்பே தெரிவித்து, அதற்கான கட்டணம் யாருடையது என்பதை எழுத்தில் பெற வேண்டும்.

வீட்டுப்படியைப் பணமாகப் பெற்றுக்கொண்டு, செவிலியரே வீடு தேடுவது மற்றொரு முறை. இந்தப் படிக்கு வருமான வரி விலக்குப் பெற, செவிலியருக்கு வரிச் சட்டம் ஏற்கும் நிலையான சொந்த இடம் இருக்க வேண்டும். சொந்த ஊரிலும் பணியிடத்திலும் என அவர் இரட்டைச் செலவு செய்பவராகவும் இருக்க வேண்டும். ஒரே இடத்தில் ஓராண்டுக்கு மேல் நீடிக்கும் என எதிர்பார்க்கப்படும் பணி தற்காலிகப் பணியாகக் கருதப்படாது. பிராணிக்காகக் கூடுதல் செலவாகிறது என்பதற்காகப் படித்தொகை உயர்வதில்லை.

தங்குமிட வகைகள்

அறைகலன் உள்ள குடியிருப்பு: கட்டில், சமையல் பாத்திரங்கள் வரை அனைத்தும் இருக்கும். இத்தகைய வீடுகளுக்கென ஃபர்னிஷ்ட் ஃபைண்டர் போன்ற இணையத்தளங்கள் உள்ளன. சோபா, கம்பளம் ஆகியவை உரிமையாளருக்குச் சொந்தமானவை என்பதால் பிராணிகளை ஏற்பதில் சிலர் தயங்குவர்.

உரிமையாளர் வீட்டில் ஓர் அறை: வாடகை குறைவு. உரிமையாளரிடமும் நாய் இருந்தால் இரண்டும் ஒத்துப்போகுமா என்பதை முன்பே பார்க்க வேண்டும்.

நீண்டகாலத் தங்கு விடுதி: சமையலறை உள்ள விடுதி அறை. குத்தகை இல்லாததால் எப்போதும் காலி செய்யலாம். பல விடுதிகள் தனிக் கட்டணத்துடன் பிராணிகளை ஏற்கின்றன. டெக்சசில் 30 நாட்கள் அல்லது அதற்கு மேல் தொடர்ந்து தங்குபவருக்கு மாநில விடுதி வரியிலிருந்து விலக்கு உண்டு. இதை முன்கூட்டியே எழுத்தில் அறிவிப்பது நல்லது.

ஊர்தி வீடு: பிராணிக்கு ஒவ்வொரு முறையும் இடம் புதிதாவதில்லை. ஆனால் கோடையில் மின்சாரம் தடைப்பட்டுக் குளிரூட்டி நின்றால், உள்ளே தனித்திருக்கும் விலங்கின் உயிருக்கே ஆபத்து.

கட்டணங்கள்

செல்லப்பிராணிக்கான கட்டணங்கள் மூன்று வகைப்படும். பிராணி வைப்புத்தொகை, சேதம் இல்லையெனில் திரும்பக் கிடைக்கும். பிராணிக் கட்டணம் ஒருமுறை செலுத்துவது, திரும்பக் கிடைக்காது. பிராணி வாடகை மாதந்தோறும் செலுத்துவது. விளம்பரங்களில் இவை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகக் குறிக்கப்படுவதால், எது திரும்பக் கிடைக்கும் என்பதைக் கேட்டறிவது அவசியம்.

எடுத்துக்காட்டாக, ஒரு வீட்டில் பிராணிக் கட்டணம் 250 டாலர், பிராணி வாடகை மாதம் 50 டாலர் எனக் கொள்வோம். ஓராண்டு அங்கேயே குடியிருப்பவருக்கு மொத்தச் செலவு 850 டாலர். இதே விகிதத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வீடு மாறும் செவிலியருக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் 400 டாலர் வீதம் ஆண்டுக்கு 1,600 டாலர் ஆகும். எனவே குறுகிய காலம் தங்குபவருக்கு, ஒருமுறைக் கட்டணம் குறைவாகவும் மாத வாடகை சற்றுக் கூடுதலாகவும் உள்ள வீடே பெரும்பாலும் சிக்கனமானது.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் 2024 சூலை 1 முதல் பெரும்பாலான வீட்டு உரிமையாளர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் வைப்புத்தொகை பெற முடியாது. பிராணிக்கான வைப்புத்தொகையும் இந்த வரம்புக்குள் அடங்கும்.

இனம், எடைக் கட்டுப்பாடுகள்

பிராணிகளுக்கு அனுமதி உண்டு என்னும் அறிவிப்பு எல்லாப் பிராணிகளுக்கும் பொருந்தாது. பிட் புல், ராட்வீலர், டாபர்மேன் போன்ற நாயினங்களைப் பல குடியிருப்புகள் ஏற்பதில்லை. எடை வரம்பும் எண்ணிக்கை வரம்பும் உண்டு. வீட்டு உரிமையாளரின் காப்பீட்டு நிறுவனம் சில இனங்களுக்கு இழப்பீடு வழங்க மறுப்பது இதற்கு ஒரு காரணம். ஆகவே இனம், எடை, வயது ஆகியவற்றைக் குறிப்பிட்டு அனுமதியை எழுத்தில் பெறுவதே பாதுகாப்பு. புகைப்படம், தடுப்பூசிச் சான்று, முந்தைய வீட்டு உரிமையாளரின் கடிதம் ஆகியவற்றைச் சேர்த்து ஒரு கோப்பாக அனுப்பினால் தயங்கும் உரிமையாளர்களும் இணங்குவதுண்டு.

சட்டப் பாதுகாப்பு

1968ஆம் ஆண்டின் நியாயமான வீட்டுவசதிச் சட்டம் 1988இல் திருத்தப்பட்டு, மாற்றுத்திறனாளிகளுக்கும் பாதுகாப்பு அளித்தது. இதன்படி மாற்றுத்திறனாளி ஒருவருக்குத் தேவையான உதவி விலங்கு செல்லப்பிராணியாகக் கருதப்படுவதில்லை. உரிமையாளரும் குடியிருக்கும், நான்கு வீடுகளுக்கு மேற்படாத கட்டடங்களுக்கு இச்சட்டத்தின் பெரும்பகுதியிலிருந்து விலக்கு உண்டு. பயணச் செவிலியர்கள் வாடகைக்கு எடுக்கும் பல அறைகள் இத்தகையவையே.

விடுதிகளுக்குப் பொருந்துவது 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம். இது குறிப்பிட்ட பணிக்குப் பயிற்சி பெற்ற சேவை நாய்களையே முதன்மையாக ஏற்கிறது. மன ஆறுதலுக்காக மட்டும் வளர்க்கப்படும் விலங்கு இதில் அடங்காது. இணையத்தில் விலைக்குக் கிடைக்கும் சேவை நாய்ச் சான்றிதழ்கள் சட்டப்படியான உரிமை எதையும் தருவதில்லை. செல்லப்பிராணியைச் சேவை நாய் எனப் பொய்யாகக் கூறுவது பல மாநிலங்களில் தண்டனைக்குரியது.

மாநிலம் மாறும்போது

வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசிச் சான்றும், கால்நடை மருத்துவரின் உடல்நலச் சான்றும் பல மாநிலங்களில் கேட்கப்படுகின்றன. வெறிநாய்க்கடி நோய் இல்லாத அவாயில் விதிகள் மிகக் கடுமையானவை. நுண்சில்லு, குறைந்தது 30 நாட்கள் இடைவெளியில் இரண்டு தடுப்பூசிகள், இரத்தப் பரிசோதனை, அதன்பின் காத்திருப்புக் காலம் ஆகியவை நிறைவேறாவிட்டால் நாயோ பூனையோ 120 நாட்கள் வரை தனிமைப்படுத்தப்படலாம். இது 13 வாரப் பணிக்காலத்தைவிட நீண்டது. ஆகவே அங்கு பணியேற்க விரும்புவோர் பல மாதங்களுக்கு முன்பே தொடங்க வேண்டும்.

பணிநேரமும் பிராணியின் நலமும்

12 மணி நேரப் பணியுடன் பயணமும் பொறுப்பு ஒப்படைப்பும் சேரும்போது நாய் 13 அல்லது 14 மணி நேரம் தனித்திருக்க நேரிடும். புதிய இடத்தில் தனித்துவிடப்படும் நாய் குரைத்தால் அண்டை வீட்டாரின் புகார் வரும். புகார் தொடர்ந்தால் வீட்டையே இழக்கலாம். இதனால் நாயை நடத்திச் செல்லும் ஊழியர், பகல்நேரக் காப்பகம், அவசரக் கால்நடை மருத்துவமனை ஆகியவை அருகில் உள்ளனவா என்று பார்த்த பின்னரே அனுபவமுள்ளவர்கள் வீட்டை உறுதி செய்கின்றனர். பணி தொடங்குவதற்குச் சில நாட்கள் முன்பே குடியேறினால் விலங்கு இடத்துக்குப் பழகும்.

மோசடியும் ஒப்பந்த ரத்தும்

தொலைவிலிருந்து அவசரமாக வீடு தேடுவோரை மோசடியாளர்கள் குறிவைக்கின்றனர். சந்தை விலையைவிடக் குறைந்த வாடகை, காணொளியில்கூட வீட்டைக் காட்ட மறுப்பது, பரிசு அட்டை அல்லது கம்பிவழிப் பணப்பரிமாற்றம் மூலம் முன்பணம் கேட்பது ஆகியவை எச்சரிக்கை அடையாளங்கள். எல்லா இடங்களிலும் மறுக்கப்பட்டு, எந்த நாயையும் ஏற்போம் என்ற விளம்பரத்தைக் காண்பவர் இவற்றைக் கவனிக்கத் தவறுவது எளிது.

நோயாளிகள் எண்ணிக்கை குறைந்தால் மருத்துவமனை ஒப்பந்தத்தை இடையில் ரத்து செய்வதும் உண்டு. வேலை போனாலும் குத்தகை நீடிக்கும். எனவே பணி ஒப்பந்தம் ரத்தானால் 30 நாள் அறிவிப்பில் வெளியேறலாம் என்னும் விதியைக் குத்தகையில் சேர்க்கக் கோருவது வழக்கம். தனி ஆளாக இருப்பவர் சக ஊழியரின் வீட்டில் சில நாட்கள் தங்கிச் சமாளிக்கலாம். நாயுடன் இருப்பவருக்கு அந்த வழியும் எளிதன்று. விலங்குக் காப்பகங்களில் பிராணிகள் ஒப்படைக்கப்படுவதற்கான காரணங்களில் வீட்டுச் சிக்கலும் ஒன்று. இதனால் ஒவ்வோர் ஒப்பந்தத்தின்போதும் பிராணியை ஏற்கும் மாற்று விடுதி ஒன்றையும், தற்காலிகமாக அதைப் பார்த்துக்கொள்ளக்கூடிய ஒருவரையும் முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது நல்லது.