வயிறு குளிர்ந்தா நல்லதா, கெட்டதா?

இந்த வாரம் எங்க வீட்டுக் கதை ஒண்ணுல இருந்து ஆரம்பிக்கிறேன்.

என் சித்தப்பா பையன் நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்தவன். போன மார்கழியில், ஆறு வருஷம் கழிச்சு, மயிலாப்பூர் வீட்டுக்கு வந்தான். பாட்டி அவன் கன்னத்தைத் தடவி, "உன்னப் பார்த்ததும் வயிறு குளிர்ந்துடுச்சுடா கண்ணா"ன்னு சொன்னாங்க. அவனுக்குத் தமிழ் ஓரளவு புரியும். ஆனா இது புரியல. என்கிட்ட கேட்டான். நான் போனைப் பார்த்துக்கிட்டே, யோசிக்காம வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷ்ல சொல்லிட்டேன்: உன்னைப் பார்த்ததும் அவங்க வயிறு கோல்டு ஆயிடுச்சாம்.

பையன் முகமே மாறிடுச்சு. "நான் வந்தது பாட்டிக்குப் பிடிக்கலையா அக்கா?"

அவன் மேல தப்பில்லை. இங்கிலீஷ்ல வயிறு ஜில்லுனு ஆச்சுன்னா பயம், ஏதோ கெட்டது நடக்கப்போகுதுன்னு அர்த்தம். அப்புறம் நான் திருத்திச் சொன்னேன்: உன்னைப் பார்த்ததுல அவங்க மனசு வார்ம் ஆயிடுச்சு. உடனே சிரிச்சுட்டான். யோசிச்சுப் பாருங்க, பாட்டியோட குளிரைச் சூடா மாத்தினாதான் அவங்க அன்பு அவனுக்குப் போய்ச் சேருது!

இங்கிலீஷ்ல கோல்டுங்கிற வார்த்தை பெரும்பாலும் கெட்ட கூட்டணியிலதான் இருக்கும். இரக்கமில்லாம கொலை பண்றவன் கோல்டு பிளடட். கடைசி நிமிஷத்துல பயந்து பின்வாங்கினா கோல்டு ஃபீட். ஒருத்தரைக் கண்டுக்காம ஒதுக்கினா கோல்டு ஷோல்டர். பாண்டி பஜார்ல தோள்பட்டை தெரியற மாதிரி தொங்குற டாப்ஸுக்கும் அதே பேருதான். ஆனா அது நிஜமாவே தோள்ல காத்துப் படுற விஷயம், யாரும் யாரையும் ஒதுக்கல.

அன்பு, வரவேற்பு, நட்பு எல்லாம் அங்க வார்ம். அப்படியே தமிழ்ல 'சூடான வரவேற்பு'ன்னு சொன்னா, தலைவருக்கு யாரோ கறுப்புக்கொடி காட்டினாங்கன்னுதான் நாம நினைப்போம். நம்ம ஊர்ல சூடுன்னா சண்டை. கோபம் வந்தா கொதிக்கும், பொறாமை வந்தா வயிறு எரியும். வயித்தெரிச்சலுக்கு நேர் எதிர்தான் பாட்டி சொன்ன வயிறு குளிர்றது.

காரணம் ரொம்ப சிம்பிள். ஆறு மாசம் குளிர்ல நடுங்குற ஊர்ல குடும்பம் ஒண்ணு சேர்ற இடம் அடுப்பங்கரை நெருப்பு. 2003 மே கடைசியில் 45 டிகிரி தொட்ட ஊர் சென்னை. ரங்கநாதன் தெருவுல ஒரு மத்தியானம் நடந்துட்டு வந்தவங்ககிட்ட போய் நெருப்பு மாதிரி அன்புன்னு சொல்லிப் பாருங்க. அவங்களுக்கு ஒரு டம்ளர் மோர்தான் அன்பு.

இது நம்ம மொழியில ரொம்ப ஆழமா இருக்கு. தண்ணீர்ங்கிறது தண் + நீர், அதாவது குளிர்ந்த நீர். அப்போ நாம தினமும் கேக்குற 'சுடுதண்ணி' என்ன? சூடான குளிர்ந்த நீர்! (சரியான வார்த்தை வெந்நீர். ஆனா ஹோட்டல்ல யாரு கேக்குறா?) அரசன் மக்கள் மேல வைக்கிற கருணைக்குப் பழைய பேர் தண்ணளி. மொழி மேல பாசம் வந்தா தண்டமிழ். குளிர்ச்சியான தமிழ்னா இனிமையான தமிழ்.

சாமிக்கும் இதே கணக்குதான். ஆடி மாசம் மயிலாப்பூர் முண்டகக்கண்ணி அம்மன் கோயில் பக்கம் போனீங்கன்னா வேப்பிலை, கூழ், கூட்டம். அம்மை போட்ட வீட்டுல, இறங்கினதும் வேப்பிலைத் தண்ணி ஊத்துவாங்க. அம்மனுக்குக் கோபம் வந்தா உக்கிரம், மனசு குளிர்ந்தா அருள்.

இனி இங்கிலீஷ்ல இருந்து நாம வாங்கின வார்த்தைங்களைப் பார்ப்போம். எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். நாம வார்த்தையை மட்டும் வாங்கிக்கிட்டோம், அர்த்தத்தை நம்ம வீட்டுலயே செஞ்சுக்கிட்டோம். இங்கிலீஷ்ல ஒருத்தர் ஐஸ் மாதிரி இருந்தா பக்கத்துல போக முடியாது. நம்ம ஊர்ல ஐஸ் வைக்கிறதுன்னா புகழ்ந்து காரியம் சாதிக்கிறது. ஏன்னா புகழ்ச்சி மனசைக் குளிர வைக்கும். கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கிறதால அது கூலிங் கிளாஸ். கடையில பாட்டில் கேட்டா, "கூலிங்கா, சாதாவா?" 2006ல வந்த படத்துக்கு 'சில்லுனு ஒரு காதல்'னு பேர் வெச்சாங்க. இங்கிலீஷ்ல அப்படியே சொன்னா முடிஞ்சுபோன காதல் மாதிரி இருக்கும். 'தில்லானா மோகனாம்பாள்'ல மனோரமா பேர் ஜில் ஜில் ரமாமணி. அந்த ஜில்லுல எங்கயாவது வெறுப்பு இருக்கா?

ஐஸ்னு சொன்னதும் மெரினா ரோட்டுல இருக்கிற ஐஸ் ஹவுஸைச் சொல்லியாகணும். இன்னிக்கு அது விவேகானந்தர் இல்லம். 1842ல அதைக் கட்டினது அமெரிக்க ஐஸை வைக்கிறதுக்கு. பாஸ்டன்ல ஃபிரெடரிக் டியூடர்னு ஒரு வியாபாரி. குளிர்காலத்துல உறைஞ்ச ஏரிகளை வெட்டி, மரத்தூள்ல பொதிஞ்சு, கப்பல்ல ஏத்தி, மாசக்கணக்கா பயணம் பண்ணி இங்க கொண்டுவந்தாங்க. பாதி வழியிலேயே நிறைய உருகிடும். மிச்சம் வெள்ளைக்காரங்க கிளாஸுக்கும் காய்ச்சல்காரங்க நெத்திக்கும். அங்க வாசல்ல சும்மா கிடக்குற பனிக்கட்டி இங்க காசு கொடுத்து வாங்குற சொகுசு. ஒரே பொருள், ரெண்டு கரையில ரெண்டு மதிப்பு. உள்ளூர்லயே மெஷின்ல ஐஸ் செய்ய ஆரம்பிச்சதும் அந்த வியாபாரம் படுத்துடுச்சு. 1897ல விவேகானந்தர் வந்து தங்கினப்போ அந்த வீட்டுல ஐஸ் இல்லை.

சரி, கூல்? இதுதான் கொஞ்சம் சிக்கல். தோனியை கேப்டன் கூல்னு சொல்றோம். கடைசி ஓவர்லயும் முகத்துல எதுவும் தெரியாது. இது இங்கிலீஷ் கூல்: எதுவும் நம்மைத் தொடாம இருக்கிறது. தமிழ்ல அதுக்கு நிதானம்னு சொல்லலாம், குளிர்ச்சின்னு சொல்ல மாட்டோம். தமிழ்க் குளிர்ச்சி தனியா வராது, இன்னொருத்தர் ஏதாவது செஞ்சாதான் வரும். பேரன் வரணும், பிள்ளை பாஸாகணும், மழை பெய்யணும்.

அதனாலதான் கோபமா இருக்கிற அம்மாகிட்ட "சில் பண்ணும்மா, கூலா இரு"ன்னு சொன்னா இன்னும் கொதிக்கிறாங்க. நீயே உன்னைக் குளிர வெச்சுக்கோன்னு நாம சொல்றோம். அவங்க பழகின மொழியில அது நம்ம வேலை. இதை நான் ரொம்ப லேட்டாதான் புரிஞ்சுக்கிட்டேன், அதுவும் அனுபவப்பட்டு.

தமிழ்ல குளிர் எப்பவுமே நல்லதுன்னும் சொல்லிட முடியாது. உயிர் போனா உடம்பு சில்லிட்டுப் போகும். "அவனுக்குக் குளிர் விட்டுப்போச்சு"ன்னா பயம் போயிடுச்சு, திமிர் வந்துடுச்சுன்னு அர்த்தம். அங்க குளிர்னா பயம். அடுத்தவங்க வீடு எரியும்போது குளிர் காயுறவங்க அரசியல் மேடைப் பேச்சுல தவறாம வருவாங்க. 'பனிப்போர்'ங்கிற மொழிபெயர்ப்பு எனக்கு இன்னிக்கும் ஒட்டவே இல்லை. 1945லயே ஜார்ஜ் ஆர்வெல் கோல்டு வார்னு எழுதினதுல ஒரு திகில் இருக்கு. பனிப்போர்னு கேட்டா எனக்கு மாட வீதியில மார்கழிக் காலை, கோலத்து மேல விழுற பனிதான் ஞாபகம் வருது.

தம்பி ஊருக்குக் கிளம்புற அன்னிக்கு இதையெல்லாம் அவனுக்குச் சொன்னேன். நேரா பாட்டிகிட்ட போனான். அவங்க செஞ்ச ரவா லட்டுல மூணாவதை எடுத்துக் கடிச்சுட்டு, "பாட்டி, நீங்கதான் உலகத்துலயே பெஸ்ட் குக். இப்போ வயிறு குளிர்ந்துதா?"ன்னு கேட்டான்.

பாட்டி என் பக்கம் திரும்பி, "இவனுக்கு ஐஸ் வைக்க யாரு சொல்லிக்கொடுத்தா?"ன்னாங்க.